நிமிடத்துக்கு இரண்டாயிரம்

(தென்காசியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சாரல் காலக் கூட்டங்களில் இந்தத் தென்காசிப் பக்கத்து மக்கள் இலக்கியம் கேட்டுப் பழகியவர்கள். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு கம்பன் பாட்டை எடுத்து, அவசரமே இல்லாமல், சொல் சொல்லாக நின்று சுவைத்துக் காட்டிய மண் இது. ஒன்றை எடுத்தால் அதன் அருகிலேயே நிற்க வேண்டும், நின்று பார்க்க வேண்டும் என்ற அந்தப் பழக்கம் உங்களிடம் இருக்கிறது. அதை நம்பித்தான் கண்ணுக்கே தெரியாத ஒரு பொருளை இன்றைக்குத் தலைப்பாக எடுத்திருக்கிறேன். ஈஸ்ட் என்ற ஒற்றைச் செல் உயிர் தன் ரைபோசோம்களை எப்படிக் கட்டுகிறது? இதுதான் தலைப்பு. இது ஒன்றுதான் தலைப்பு.

தென்காசியில் வந்து ஈஸ்டைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். மலையை விட்டுக் கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் இறங்குங்கள். பனை நிற்கிறது. விடியுமுன் பனையேறி மரத்தில் ஏறுகிறார், பாளையைச் சீவுகிறார், கலயத்தைக் கட்டுகிறார். பதநீருக்கு என்றால் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவித்தான் கட்டுகிறார். ஏன் சுண்ணாம்பு? தடவாவிட்டால் அந்தச் சாறு சில மணி நேரத்திலேயே நுரைத்து, பொங்கி, கள்ளாகிவிடும். யார் நுரைக்க வைக்கிறார்கள்? காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் சுவரிலும் இருந்து சாற்றில் இறங்கும் ஈஸ்ட்களும் பாக்டீரியாக்களும்தான். சுண்ணாம்பின் காரத்தன்மை அவற்றைப் பெருகவிடாமல் நிறுத்துகிறது. நுண்ணோக்கி என்ற ஒன்றைக் கண்டிராத நம் முன்னோர், கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரை ஒரு விரல் சுண்ணாம்பால் தடுத்து வைத்திருந்தார்கள். ஈஸ்ட் நமக்கு அயலார் இல்லை, நண்பர்களே. நெடுங்காலமாக நம் பனையடியில் வாழ்கிற உயிர் அது.

இந்த ஈஸ்ட்களில் பெரும்பேர் பெற்றது சாக்கரோமைசிஸ் செரிவிசியே. கள்ளில் நுரைப்பதும் இதுதான், பேக்கரியில் ரொட்டி மாவை உப்ப வைப்பதும் இதுதான். ஒரு செல்லின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு. நல்ல சர்க்கரையும் நல்ல சூடும் கிடைத்தால் ஒன்றரை மணி நேரத்தில் ஒன்று இரண்டாகிறது. இரண்டு நான்காகிறது. நான்கு எட்டாகிறது.

ஒன்று இரண்டாகிறது என்று வாயால் சொல்லிவிடலாம். ஒரு செல் இரண்டாக வேண்டுமென்றால் அதற்குள் இருக்கிற ஒவ்வொன்றும் இரட்டிக்க வேண்டுமே! அப்படி இரட்டிக்க வேண்டியவற்றில் மிகப் பெரிய செலவு எது? ரைபோசோம்.

ரைபோசோம் என்றால் என்ன? உயிரின் வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்வது புரதம். சர்க்கரையை உடைக்கும் நொதி புரதம். நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதம். இந்தப் புரதங்களை எல்லாம் செய்வது ரைபோசோம். டி.என்.ஏ.வில் உள்ள குறிப்பு ஆர்.என்.ஏ. நகலாக வெளியே வருகிறது. அந்த நகலை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் உரிய அமினோ அமிலத்தைக் கோத்துக்கொண்டே போவது ரைபோசோம். பாக்டீரியாவிலும் அதுதான், பனையிலும் அதுதான், இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவர் உடலிலும் அதுதான். ரைபோசோம் இல்லாத செல் தன் முன்னோர் செய்து வைத்த புரதம் தீரும்வரை மட்டுமே ஓடும்.

1955-இல் ஜார்ஜ் பலாடே என்ற அறிஞர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் செல்லுக்குள் கரும்புள்ளிகளாக இவற்றைக் கண்டு விவரித்தார். புள்ளிக்குள் என்ன இருக்கிறது என்று அணு அணுவாகத் தெரிந்துகொள்ள இன்னும் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. தெரிந்துகொண்டவர்களில் ஒருவர் நம் சிதம்பரத்தில் 1952-இல் பிறந்தவர். வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். பரோடாவில் வளர்ந்தார், இயற்பியலில் பட்டம் பெற்றார், அமெரிக்கா சென்று அதிலேயே முனைவரானார், அதன்பிறகு உயிரியலை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார். பாக்டீரியா ரைபோசோமின் சிறிய பாதி எப்படி அமைந்திருக்கிறது என்பதை அவர் குழு 2000-இல் வெளியிட்டது. 2009-இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் வேதியியல் நோபல் பரிசு. ஈஸ்டுக்கும் அவர் வந்தார். ஈஸ்டின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் தனி வகை ரைபோசோமின் பெரிய பாதியை 2014-இல் கேம்பிரிட்ஜில் அவர் குழு படம்பிடித்து வெளியிட்டது.

அந்தப் பரிசு, கட்டி முடித்த ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்குக் கிடைத்தது. தகுதியான பரிசு, பெருமைப்பட வேண்டிய பரிசு. நான் இன்று கேட்பது வேறொரு கேள்வி. முடிந்த பொருளைப் பார்த்தாயிற்று. அதை யார் கட்டினார்கள்? எங்கே வைத்துக் கட்டினார்கள்? என்ன விலைக்குக் கட்டினார்கள்?

விலையிலிருந்து தொடங்குகிறேன்.

நியூயார்க்கில் ஜொனதன் வார்னர் என்ற அறிஞர் வாழ்நாள் முழுவதும் ஈஸ்ட் ரைபோசோமோடு வாழ்ந்தவர். 1999-இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஒரு வீட்டின் வரவு செலவை எழுதுவதுபோல ஈஸ்ட் செல்லின் கணக்கை எழுதினார். நன்றாக வளரும் ஈஸ்ட் செல்லுக்குள் ஏறத்தாழ 2,00,000 ரைபோசோம்கள். ஒரு தலைமுறைக்குள், அதாவது சுமார் நூறு நிமிடத்துக்குள், இன்னும் 2,00,000 கட்ட வேண்டும். வகுத்துப் பாருங்கள், மாணவர்களே. நிமிடத்துக்கு 2,000. வினாடிக்கு முப்பதுக்கும் மேல். நான் இந்த வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரே ஒரு ஈஸ்ட் செல் நூறு ரைபோசோம்களைக் கட்டி முடித்திருக்கும்!

இன்னும் இருக்கிறது கணக்கு. அந்தச் செல் எழுதும் ஆர்.என்.ஏ.வில் நூற்றுக்கு அறுபது பங்கு ரைபோசோமின் உடலாகும் ஆர்.என்.ஏ. புரதத்துக்கான குறிப்புகளை எழுதும் வேலையிலும் பாதி ரைபோசோம் புரதங்களுக்கே போகிறது. எழுதிய குறிப்பை வெட்டி ஒட்டும் வேலை ஒன்று உண்டு. அதில் நூற்றுக்குத் தொண்ணூறு இதற்கே போகிறது. வேறு எதற்கும் அந்தச் செல் இப்படிச் செலவு செய்வதில்லை. வளர்கிற ஈஸ்ட் செல்லைப் பார்த்து நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்டால், ரைபோசோம் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் அதன் நேர்மையான பதில்.

சரி, எதைக் கொண்டு கட்டுகிறது? ஓர் ஈஸ்ட் ரைபோசோமுக்கு 4 ஆர்.என்.ஏ. இழைகள் வேண்டும். 79 புரதங்கள் வேண்டும். இழைகளின் நீளம் எழுத்துக் கணக்கில் 3,396, 1,800, 158, 121. இரண்டு பாதிகள்: சிறியது, பெரியது. சிறிய பாதி குறிப்பைப் படிக்கும். பெரிய பாதி அமினோ அமிலங்களைக் கோக்கும். சிறிய பாதிக்கு 1,800 எழுத்து இழை, மீதி மூன்றும் பெரிய பாதிக்கு. புரதங்கள் 79 என்றாலும் அவற்றுக்கான மரபணுக்கள் 137. ஏனென்றால் பலவற்றுக்கு இரண்டிரண்டு பிரதி வைத்திருக்கிறது ஈஸ்ட்.

எங்கே வைத்துக் கட்டுகிறது? இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. உட்கருவுக்குள் ஓர் ஓரமாகப் பிறை வடிவில் ஓர் அடர்ந்த பகுதி. நியூக்ளியோலஸ் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். தேர்வுக்கு ஒரு வரி எழுதிவிட்டு அப்பால் போயிருப்பீர்கள். அப்பால் போகாதீர்கள், அங்கேயே நில்லுங்கள். ஈஸ்டின் 16 குரோமோசோம்களில் 12-ஆவது குரோமோசோமில் ஒரே மரபணுத் தொகுதி ஒன்றன்பின் ஒன்றாக நூற்றைம்பது முறை அளவுக்குத் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. அத்தனையும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்கான மரபணு. ஒரு பிரதி போதாது, பத்தும் போதாது. நிமிடத்துக்கு 2,000 வேண்டுமே!

ஒரு மரபணுவின் மேல் பல நொதிகள் வரிசையாக ஏறி ஓடுகின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் ஆர்.என்.ஏ. இழை நீண்டுகொண்டே வருகிறது. இப்போதுதான் ஏறிய நொதியின் இழை குட்டை. ஓடி முடிக்கப்போகும் நொதியின் இழை நெட்டை. ஆஸ்கர் மில்லரும் பார்பரா பீட்டியும் 1969-இல் நியூட் என்ற நீர்வாழ் உயிரின் முட்டைச் செல்லை எடுத்து, உட்கருவைப் பிரித்துப் பரப்பி, இந்தக் காட்சியை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுத்தார்கள். மரபணு வேலை செய்வதை மனிதக் கண் நேரில் பார்த்தது. அந்தப் படத்தில் ஒவ்வோர் இழையின் நுனியிலும் ஒரு சிறு குமிழ். அது என்ன குமிழ்? முப்பது ஆண்டுக்கும் மேலாக அந்தக் கேள்வி நின்றது. 2002-இல் யேல் பல்கலைக்கழகத்தில் சூசன் பசெர்காவின் குழு விடை சொன்னது. இழை எழுதி முடியும் முன்பே, அதன் நுனியில் சிறிய பாதியைக் கட்டும் வேலை தொடங்கிவிடுகிறது. குமிழ் என்பது அந்தக் கட்டுமானக் கூட்டம்!

எழுதப்படும் இழை ஒற்றை நீள இழை, ஏறத்தாழ 7,000 எழுத்து. எழுதி முடிக்க ஏறத்தாழ மூன்று நிமிடம். அதற்குள் 1,800-உம் இருக்கிறது, 158-உம் இருக்கிறது, 3,396-உம் இருக்கிறது. அவற்றுக்கு இடையில் வேண்டாத துண்டுகளும் இருக்கின்றன. வெட்ட வேண்டும். சரியான இடத்தில் வெட்ட வேண்டும். சரியான நேரத்திலும் வெட்ட வேண்டும். வெட்டுவதோடு ஏறத்தாழ நூறு இடங்களில் எழுத்துகளுக்குச் சிறு வேதி மாற்றம் செய்தாக வேண்டும். எந்த எழுத்து என்று காட்டுவதற்கே எழுபதுக்கும் மேற்பட்ட குட்டி ஆர்.என்.ஏ.க்கள் தனியாக இருக்கின்றன. அவை இழையோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தி, இங்கே என்று இடம் சுட்டுகின்றன. யூ-3 என்ற குட்டி ஆர்.என்.ஏ.வுக்கு வேறு வேலை. புது இழையைப் பிடித்துக்கொண்டு, உரிய நேரத்துக்கு முன் அது மடிந்துவிடாமல் காக்கிறது. நேரம் வந்ததும் யூ-3-ஐப் பிரித்து எடுக்க வேறொரு புரதம் வருகிறது. அது வந்தால்தான் இழை தன் இறுதி வடிவத்துக்கு மடியும்.

இப்போது இந்த ஊர்க் கோபுரத்தை ஒருமுறை மனத்தில் நிறுத்துங்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பத் தொடங்கிய காசி விசுவநாதர் கோயில். நெடுங்காலம் கோபுரம் சிதைந்து நின்று, ஒன்பது நிலையோடு மீண்டும் எழுந்து 1990-இல் குடமுழுக்குக் கண்டது. இப்போது அண்ணாந்து பார்க்கும் பிள்ளைகளுக்குக் கோபுரம் தெரிகிறது. அதைச் சுற்றி ஒருகாலத்தில் நின்ற சாரம் தெரியுமா? கம்பும் கயிறும் பலகையும் தெரியுமா? சாரம் இல்லாமல் ஒன்பதாம் நிலையில் ஒரு செங்கல் ஏறியிருக்காது. வேலை முடிந்ததும் சாரம் இறங்கிவிடுகிறது. ரைபோசோமுக்கும் சாரம் உண்டு. ஈஸ்டில் 200-க்கும் மேற்பட்ட உதவிப் புரதங்கள் கட்டுமானத்தில் வந்து சேர்கின்றன, பிடிக்கின்றன, திருப்புகின்றன, வெட்டுகின்றன, விலகுகின்றன. முடிந்த ரைபோசோமில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. 79 புரதத்தைக் கோக்க 200 புரதம்! கட்டியவர்கள், கட்டப்பட்டதைவிட அதிகம்.

கோபுரத்துச் சாரம் கம்பு மட்டும்தான். ரசமட்டம் வைத்துப் பார்க்க ஒரு மேஸ்திரி வேண்டும். ஈஸ்டின் சாரம் தானே மட்டம் பார்க்கிறது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் இதுவரை தெரிந்தவற்றில் எனக்கு மிகவும் வியப்பானது இதுதான். ரியா-1 என்று ஒரு புரதம். ஈஸ்டில் உள்ள புரதங்களிலேயே பெரியது, 4,910 அமினோ அமிலம் நீளம். பெரிய பாதி உருவாகும்போது அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஆற்றலைச் செலவழித்து, சில உதவிப் புரதங்களைப் பிடித்து இழுத்து வெளியேற்றுகிறது. எப்போது வேண்டுமானாலும் இழுக்கலாமா? முடியாது. கட்டுமானம் உரிய கட்டத்துக்கு வந்திருந்தால்தான் அதன் பிடிக்கு இடம் கிடைக்கிறது. பெரிய பாதியின் ஒரு பகுதி, 121 எழுத்து இழையும் அதன் துணைப் புரதங்களும் சேர்ந்த பகுதி, முதலில் தலைகீழாகப் பொருத்தப்படுகிறது. பின்னர் ஏறத்தாழ அரைவட்டம் சுழன்றுதான் தன் இடத்தில் அமர்கிறது. சுழன்று அமராத கட்டுமானம் அடுத்த கட்டத்துக்கு நகராது.

அடுத்த கட்டம், வெளியே போவது. இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். ரைபோசோம் புரதங்களைச் செய்வது யார்? பழைய ரைபோசோம்கள். அவை உட்கருவுக்கு வெளியே இருக்கின்றன. ஆகவே புரதம் வெளியே பிறக்கிறது, உள்ளே போகிறது, உள்ளே ஆர்.என்.ஏ.வோடு சேர்கிறது, பாதிகளாக உருவெடுத்து மறுபடி வெளியே வருகிறது. ஈஸ்டின் உட்கரு உறையில் ஏறத்தாழ 150 வாயில்கள். வார்னர் போட்ட கணக்குப்படி ஒவ்வொரு வாயிலிலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,000 ரைபோசோம் புரதங்கள் உள்ளே போகின்றன. 25 பாதிகள் வெளியே வருகின்றன.

புரதங்கள் தனியாகப் போவதில்லை. ரைபோசோம் புரதங்கள் நேர்மின்னேற்றம் மிகுந்தவை. தனியாக விட்டால் கண்ட ஆர்.என்.ஏ.வோடும் ஒட்டிக்கொண்டு வீணாகிவிடும். ஆகவே துணைக்கு ஆள் வேண்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, சுவிட்சர்லாந்தில் ஈஸ்ட் ரைபோசோம் ஆய்வுக்குழு நடத்தும் விக்ரம் பான்சே இதில் அருமையான ஒன்றைக் காட்டினார். 2014-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் டி.எஸ்.ஆர்.-2 என்ற ஒரு புரதம் வருகிறது. உட்கருவுக்குள் வந்து சேரும் ஒரு குறிப்பிட்ட ரைபோசோம் புரதத்தை, அதைச் சுமந்துவந்த புரதத்திடமிருந்து வாங்கிக்கொண்டு, கட்டுமான இடம்வரை கெடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறது அது. ஒரு புரதத்துக்கு ஒரு துணை! இதே துணைப் புரதத்தில் பிழை உள்ள குழந்தைகளுக்குக் கடுமையான இரத்தசோகை வருவதை மருத்துவர்களும் அதே ஆண்டு கண்டார்கள். அதற்கு வருகிறேன்.

வெளியே வந்த பாதிகள் உடனே வேலையில் இறங்குமா? இறங்காது. சிறிய பாதியின் இழை இன்னும் கொஞ்சம் நீளமாகவே இருக்கிறது. கடைசி வெட்டு பாக்கி. அதற்கு முன் ஒரு வெள்ளோட்டம் நடக்கிறது. முடிவுபெறாத சிறிய பாதி, முடிவுபெற்ற ஒரு பெரிய பாதியோடு சேர்ந்து பார்க்கிறது. படிக்கக் குறிப்பு இல்லை, கோக்க அமினோ அமிலம் இல்லை. சேர முடிகிறதா, பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கிறது. 2012-இல் காட்ரின் கார்ப்ஸ்டைன் குழுவும் வேறொரு குழுவும் இதைக் கண்டு எழுதின. பொருந்தினால்தான் நாப்-1 என்ற நொதியின் கத்தி இறங்கும். கடைசித் துண்டு விழும். 1,800 எழுத்து சரியாக நிற்கும்.

பெரிய பாதிக்கும் அப்படி ஒரு சோதனை உண்டு. டிப்-6 என்ற புரதம் பெரிய பாதியின் முகத்தில் ஒட்டிக்கொண்டு, சிறிய பாதி அருகில் வராதபடி மறித்து நிற்கும். உள்ளே எல்லாம் சரியாக அமைந்தபின்தான் எஸ்டிஓ-1 என்ற புரதமும் அதன் கூட்டாளியும் வந்து அதை விலக்கும். விலக்காவிட்டால் அந்தப் பெரிய பாதி கட்டியும் பயனில்லாமல் கிடக்கும்.

பெரியோர்களே, இது ஈஸ்டுக்குள் நடப்பது. நமக்கென்ன என்று யாராவது கேட்டால், அவருக்கு இரண்டு நோய்களின் பெயரைச் சொல்லுங்கள்.

முதலாவது, டயமண்ட்-பிளாக்ஃபேன் இரத்தசோகை. டி.எஸ்.ஆர்.-2 பற்றிச் சொன்னபோது குறிப்பிட்ட இரத்தசோகை இதுதான். பிறந்து ஓராண்டுக்குள்ளேயே குழந்தை வெளிறிப்போகும். எலும்பு மஜ்ஜையில் போதிய சிவப்பணு உருவாவதில்லை. காரணம் தெரியாமல் மருத்துவர்கள் நெடுநாள் தவித்தார்கள். 1999-இல் முதல் காரணம் தெரிந்தது: ரைபோசோமின் சிறிய பாதியில் உள்ள ஒரு புரதத்தின் மரபணுவில் பிழை. அதன்பின் வேறு பல ரைபோசோம் புரதங்களிலும் பிழை கண்டார்கள். சிவப்பணு ஆகப்போகும் செல் குறுகிய காலத்தில் மலைபோல ஹீமோகுளோபின் செய்தாக வேண்டும். அதற்கு ரைபோசோம் போதாவிட்டால்?

இரண்டாவது, ஷ்வாக்மன்-டயமண்ட் நோய்க்குறி. கணையம் சரியாக வேலை செய்யாது, எலும்பு மஜ்ஜை நலியும், இரத்தப் புற்றுநோய் வரும் அபாயம் உண்டு. 2003-இல் அதன் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். மரபணு கிடைத்தது, அது என்ன செய்கிறது என்று தெரியவில்லை. விடை எங்கிருந்து வந்தது? ஈஸ்டிலிருந்து வந்தது! அந்த மனித மரபணுவுக்கு ஈஸ்டில் உள்ள இணை எஸ்டிஓ-1; அதன் வேலையைக் கேம்பிரிட்ஜில் ஆலன் வாரன் குழு 2007-இல் காட்டியது. மறித்து நிற்கும் டிப்-6-ஐ விலக்குவதற்கு வருகிறது என்று சற்று முன் சொன்னேனே, அதே புரதம். ஒரு குழந்தையின் எலும்பு மஜ்ஜையில் என்ன தவறு நடக்கிறது என்பதை நுரைக்கிற ஈஸ்ட் சொல்லிக் கொடுத்தது.  ரைபோசோம் எப்படிக் கட்டப்படுகிறது என்று அறியும் ஆசையால் ஈஸ்டில் தேடிச் சேர்த்த அறிவு, நோய் வந்து கேட்டபோது விடைக்கு வழியாக இருந்தது.

இப்படித் தேடிய வேலையில் ஒரு திருப்பத்தை மட்டும் சொல்கிறேன். 1970-இல் லீலண்ட் ஹார்ட்வெல், மெக்லாஃப்லின், நாம் முன்பு பார்த்த வார்னர் ஆகிய மூவரும் ஈஸ்டில் பத்து மரபணுக்களைக் கண்டார்கள். சூடு கொஞ்சம் ஏறினால் அந்த மரபணுக்களில் பிழை உள்ள செல்கள் ரைபோசோம் கட்டுவதை நிறுத்தின. ஆகவே ரைபோசோம் கட்டுவதை ஆளும் பத்து மரபணுக்கள் என்று எழுதினார்கள். பத்தாண்டுக்குமேல் ஆனபிறகு உண்மை வேறு என்று தெரிந்தது. அந்த மரபணுக்களின் வேலை ஆர்.என்.ஏ. குறிப்பை வெட்டி ஒட்டுவது! ஈஸ்டின் ஏறத்தாழ 6,000 மரபணுக்களில் சுமார் முந்நூறுக்குத்தான் அந்த வெட்டு ஒட்டு தேவை. ஆனால் ரைபோசோம் புரத மரபணுக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தேவை. ஆகவே கத்தி முனை மழுங்கியதும் முதலில் நின்றது ரைபோசோம். ஒன்றைத் தேடியவர்களுக்கு இன்னொரு துறையின் கதவே திறந்தது. ஹார்ட்வெல் பின்னர் செல் பகுப்புச் சுழற்சி பற்றிய ஈஸ்ட் ஆய்வுக்காக 2001-இல் நோபல் பரிசு பெற்றார்.

இவ்வளவு செலவு செய்து கட்டும் செல், பஞ்சம் வந்தால் என்ன செய்யும்? சர்க்கரை தீர்ந்தது, நைட்ரஜன் தீர்ந்தது என்றால் சில நிமிடங்களிலேயே கட்டுமானத்தை நிறுத்திவிடும். மரபணு அங்கேயே இருக்கும், எழுதுவது நிற்கும். நிறுத்து என்று சொல்வது யார் என்பதும் ஈஸ்டில்தான் தெரிந்தது. ஈஸ்டர் தீவு மண்ணில் வாழும் பாக்டீரியா ஒன்றிலிருந்து ராபமைசின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தவர் இந்தியாவில் படித்து கனடா சென்ற சுரேந்திரநாத் சேகல். அவர் வேலை பார்த்த மருந்து நிறுவனம் அந்த ஆய்வைக் கைவிட்டபோதும் அந்த நுண்ணுயிரைத் தன் வீட்டுக் குளிர்பெட்டியில் காத்து வைத்திருந்தவர் அவர். அந்த மருந்து எதைப் பிடிக்கிறது என்று பாசெல் நகரில் மைக்கேல் ஹால் குழுவினர் ஈஸ்டில் தேடி, 1991-இல் டார் என்ற மரபணுக்களைக் கண்டார்கள். உணவு உண்டா இல்லையா என்று பார்த்து, ரைபோசோம் கட்டு அல்லது நிறுத்து என்று சொல்வது டார். அதே டார் நம் உடலிலும் இருக்கிறது. சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின் புதிய உறுப்பை உடல் ஒதுக்காமல் இருக்க இன்று ராபமைசின் கொடுக்கிறார்கள்.

வளர்ச்சி என்பது ரைபோசோம் கட்டுவது. பஞ்சம் என்பது ரைபோசோம் கட்டாமல் இருப்பது. ஈஸ்டைக் கேட்டால் இதற்குமேல் அகராதி வேண்டாம் என்றுதான் சொல்லும்.

மாணவர்களே, இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரியிலும் இந்த மாவட்டத்தின் மற்றக் கல்லூரிகளிலும் விலங்கியலும் தாவரவியலும் வேதியியலும் நுண்ணுயிரியலும் படிக்கும் பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். ஈஸ்ட் ஆய்வுக்குப் பெரிய பணம் வேண்டாம். சர்க்கரை வேண்டும், அகர் வேண்டும், ஒரு சூடான அலமாரி வேண்டும், பொறுமை வேண்டும். நம் பனஞ்சாற்றில் என்னென்ன ஈஸ்ட்கள் வாழ்கின்றன, எது வேகமாகப் பெருகுகிறது, எது சுண்ணாம்பைத் தாங்குகிறது என்பதை இங்கேயே, இந்த மாவட்டத்துச் சோதனைக்கூடத்திலேயே பிரித்துப் பார்க்கலாம். பனையேறிகளிடம் போய்க் கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்ததை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தட்டில் வளர்த்துப் பாருங்கள்.

ஆசிரியர்களே, உங்களுக்கும் ஒன்று. நியூக்ளியோலஸ் என்ற சொல்லை ஒரு மதிப்பெண் வினாவாகக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பேக்கரி ஈஸ்ட் ஒரு சிட்டிகை, வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீர் கொஞ்சம், பள்ளியில் இருக்கிற சாதாரண நுண்ணோக்கி ஒன்று. ரைபோசோம் அதில் தெரியாது. ஆனால் தாய்ச் செல்லின் தோளில் மொட்டு ஒன்று முளைத்திருப்பது தெரியும். ஒரு துளியை எடுத்துப் பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி ஒரு துளி எடுத்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை ஏறியிருந்தால், அதற்குள் ஒவ்வொரு செல்லும் எத்தனை ரைபோசோம் கட்டியிருக்க வேண்டும் என்று கரும்பலகையில் கணக்குப் போடச் சொல்லுங்கள். வரும் திங்கட்கிழமையே தொடங்குங்கள்.